ஒற்றைக் காதுக்காரி

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் போர்வை மடிக்கிறவளுக்கு "ஒத்தக்காது" என்று பெயர் வைத்தவர்கள், போனால் போகிறதென்று கூடவே ஒரு "அக்கா"வும் சேர்த்திருந்தார்கள். காரணம் இதுதான். இயந்திரம் துணியைக் கவ்விக்கொண்டால் மணி அடிக்கும். அதைக் கேட்க ஒரு காது காலியாக இருக்க வேண்டும் என்பது மேற்பார்வையாளர் உத்தரவு. அதனால் இயர்போனின் இடது பக்கம் மட்டும் காதில் இருக்கும், வலது பக்கம் சட்டைப் பையில் தூங்கும். அவள் பாட்டுக் கேட்பதே வேலை நேரத்தில்தான். வீட்டில் புருஷனின் டிவி சத்தத்துக்கு முன்னால் எந்தப் பாட்டும் எடுபடாது.

கேன்டீன் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. பாட்டுப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர், இந்த வாரம் எந்த ஆல்பம் கேட்கிறோம் என்று அதில் எழுதுவார்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, எதையும் தாண்டாமல், மூன்று தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எழுதி மாட்டிக்கொண்டால் அழித்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஆளுக்குப் பலகையே கிடையாது. டாக்டர்களும் எழுதுகிற பலகை அது. அதில் தன் கையெழுத்தும் இருப்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. பேனாவைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்வாள்.

அந்த வாரம் அவள் எழுதியது "நனைந்த படிக்கட்டு". பத்தொன்பது தடவை கேட்டிருந்தாள். அதைப் பார்த்து மனம் குளிர்ந்துபோன மருந்தகத்துக்காரர், நாலாவது பாட்டில் வரும் வயலினுக்கே சொத்தை எழுதி வைக்கலாம் என்றார். அதில் வயலினே கிடையாது என்றாள் இவள். அவர் எவ்வளவு சொல்லியும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். பக்கத்து மேசைகளில் சிரிப்பு கிளம்பியது. மருந்தகத்துக்காரர் டஸ்டரைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஏம்மா, கேக்காமலே எழுதிட்டீங்களா?"

கேன்டீன் ஸ்பீக்கர்களில் நாலாவது பாட்டைப் போட்டார். வயலின் வந்தது. பாட்டு முழுக்க, கூச்சமே இல்லாமல் வந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லியும் பொய்க்காரியாவதா என்று ஸ்பீக்கர்களை முறைத்தாள். அப்போதுதான் கவனித்தாள்: வயலின் முழுக்க வலது பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் சட்டைப் பையில் தூங்கியதும் வலது பக்கம்தானே.

"சார், அந்த வலது பக்கத்து ஸ்பீக்கர நிறுத்திட்டுத் திரும்பப் போடுங்க. பாடி முடிச்சதும் பாடறவரு பெருமூச்சு விட்டு, நாற்காலிய நகத்துவாரு. அதக் கேட்டுட்டு அழிங்க."

நிறுத்தினார். வயலின் போன இடம் தெரியவில்லை. கேன்டீனே வாயை மூடிக்கொண்டு கேட்டது. கடைசியில் ஒரு பெருமூச்சு. அதன் பின்னால், தரையில் நாற்காலிக் கால் உரசும் சத்தம், லேசாக. பன்னிரண்டு வருடமாக அந்த ஆல்பத்தோடு குடித்தனம் நடத்திய மனுஷன், வயலினுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த அந்த நாற்காலியை அன்றுதான் கேட்டார். தானாகவே இன்னொரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, டஸ்டரைக் கீழே வைத்தார்.

"எனக்கு ரெண்டு காது இருந்து என்ன பிரயோஜனம்," என்றார்.

அடுத்த வாரம் சலவைக்கூடத்தில் அவள் இடது பக்கத்தைப் பைக்குள் போட்டு, வலது பக்கத்தைக் காதில் மாட்டிக்கொண்டாள். மணிக்கு இடது காது காவல் இருந்தது. சனிக்கிழமை கையைத் துடைத்துக்கொண்டு பலகைக்குப் போனவள், மற்றவர்கள் எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதினாள்:

"நனைந்த படிக்கட்டு. இடது காது, பத்தொன்பது தடவை. வலது காது, மூன்று தடவை."