ஹோம்ஸ்டேக்கு வந்த அம்மை

யார் வீட்டு அடுப்பில் கடுகு வெடித்தாலும் எனக்கு அந்தத் தைப்பூச மாதம்தான் ஞாபகம் வரும். அந்த மாதம் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கவே இல்லை.

கொரோனா ஓய்ந்து, எல்லைகள் திறந்த பிறகு வந்த முதல் தைப்பூசம் அது. மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் எங்கள் வீட்டு மாடியை ஹோம்ஸ்டேயாக விட்டிருந்தோம். நோய்க்காலம் முழுக்க அங்கே தூசியும் பல்லியும்தான் தங்கின. திடீரென்று போன் மணி. பிறகு இன்னொன்று. காவடி பார்க்க, குகைக் கோயில் பார்க்க என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். என் மனைவி மிளகாய்ச் சம்பால் கிண்டும் வாசனை மறுபடியும் தெருவுக்குப் போயிற்று.

முதலில் வந்தவர் காரைக்குடிப் பக்கத்து இளைஞர், தனியாக ஊர் சுற்றுகிறவர். நான் பிறந்த ரப்பர் தோட்டம் ஆயர் தாவார் பக்கம். அவர் விசாரித்தபோது, இப்போது அங்கே வெறும் எண்ணெய்ச் செம்பனை, பார்க்க ஒன்றுமில்லை என்றேன்.

"அந்த ஒண்ணுமில்லாததைக் காட்டுங்கண்ணே" என்றார்.

தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போதே அவர் உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் மார்பெல்லாம் முத்து முத்தாய். சின்னம்மை என்றார் கிளினிக் டாக்டர். கொப்புளம் காயும்வரை யாரோடும் சேரக்கூடாது, முக்கியமாகப் பிள்ளைத்தாச்சிகள் கிட்டே வரக்கூடாது. எனக்கும் மனைவிக்கும் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது.

"நான் ஹோட்டலுக்குப் போயிடுறேன்க்கா."

"எந்த ஹோட்டல்காரன் உன்னைச் சேர்ப்பான் லா? மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா? பேசாம படு!"

என் மனைவி வாசலில் வேப்பங்கொத்து செருகினாள். தாளிப்பு நின்றது. சம்பாலும் நின்றது. பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "தைப்பூசத்துக்கு வர்றவங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க."

"எல்லாருக்குமா? எவ்வளவு நாளாக் காத்துக் கெடந்தோம்! அங்க நோயின்னு நெட்டுல ஒருத்தன் எழுதுனாப் போதும், அப்புறம் ஒரு ஈ காக்கா வராது."

"வராட்டிப் போகட்டும். வந்து படுத்துட்டா?"

சொன்னேன். ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். ஜோகூரிலிருந்து வரவிருந்த ஒரு குடும்பம் மட்டும் போனை எடுக்கவில்லை. மறுநாள் அவர்கள் வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே அப்பா, அம்மா, வயிற்றில் பிள்ளையோடு மகள். என் மனைவி கேட்டுக்குள்ளேயே நின்று கைகளை விரித்தாள்.

"இறங்காதீங்க! உள்ள அம்மா வந்திருக்கா."

"இவ்வளவு தூரம் வரவிட்டு இப்பச் சொல்றீங்களே லா!" வேனோட்டி வந்த அப்பா கத்தினார்.

அவர் மனைவி வேப்பிலையைப் பார்த்தார். சீட்டில் இருந்தபடியே செருப்பைக் கழற்றி, எங்கள் வீட்டை நோக்கிக் கும்பிட்டார். "கத்தாதீங்க. அம்மா இருக்கிற வீடு."

அந்த மனிதரின் குரல் அப்படியே அடங்கியது. பக்கத்து ஜெலாப்பாங்கில் என் மச்சான் வீட்டில் தங்க வழி சொல்லி அனுப்பினோம்.

தைப்பூசத்தன்று எங்கோ மேளம் முழங்க, எங்கள் மாடியில் ஒரே ஒருவர், வேப்பங்கொத்தால் முதுகை வருடிக்கொண்டு மோர்ச்சோறு சாப்பிட்டார். இப்போது அறைகள் நிறைகின்றன. என்றாலும் மனசு அடிக்கடி அந்தக் காலி வீட்டுக்கே ஓடுகிறது. வாங்க வாங்க என்று அழைத்துப் பிழைக்கிறவனுக்கு, வராதீங்க என்று சொல்வதும் ஓர் உபசரிப்பு என்று அங்கேதான் புரிந்தது.

அந்தத் தைப்பூசம் கழிந்து சில நாளில், கொப்புளம் காய்ந்து அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. டாக்டரும் போகலாம் என்றுவிட்டார். அந்த இளைஞர் பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறப் போனார்.

"ஏய் தம்பி, சொல்லாமப் போறே?"

"அம்மை கண்ட வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதேக்கா."

"அது விருந்தாளிக்கு. நீ இந்த வீட்டு ஆளு. சொல்லு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போயிட்டு வர்றேன்க்கா."