காலருக்குள் இருந்த முடிச்சுகள்

என் மாமனாருக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஆலயத்தில் பூசை உடைகளை எடுத்து வைப்பது அவர் வேலை. முப்பத்தெட்டு வருஷமாக அதே வேலை. எந்த நாளுக்கு எந்த நிறம் என்பதைக் காலண்டரைப் பார்க்காமலே சொல்வார். தவக்காலத்துக்கும் இறந்தவர்களுக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளுக்கும் பெரிய வெள்ளிக்கும் சிவப்பு, பொதுக்காலம் முழுக்கப் பச்சை.

"பச்சைன்னா சும்மா இல்லம்மா. ஒண்ணும் நடக்காத நாள்லயும் நம்பிக்கையை விடாதேன்னு அர்த்தம்" என்று சாப்பிடும்போதுகூட வகுப்பெடுப்பார். நான் தலையாட்டி வைப்பேன்.

அத்தை இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. அதிலிருந்து அவர் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவார். "ஃபாதரே இன்னும் எழுந்திருக்க மாட்டார், மாமா" என்று கேலி செய்வோம். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அங்கே போய் உடைகளை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாராம்.

வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னால் எல்லா உடைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து இஸ்திரி போடுவது அத்தையின் பொறுப்பாக இருந்தது. இந்த வருஷம் அது என் தலையில் விழுந்தது. பெரிய வெள்ளி வருகிறதே, நல்ல பெயர் வாங்கலாம் என்று விழுந்து விழுந்து செய்தேன். சில உடைகளின் காலருக்குள் நூல் முடிச்சுகள் துருத்திக்கொண்டிருந்தன. பாவம், அத்தைக்குக் கண் மங்கிப்போயிருக்கும் என்று நினைத்து ஒன்றுவிடாமல் கத்தரித்தேன். அந்த அதிகப்பிரசங்கித்தனத்தை இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

வியாழக்கிழமை மதியம் என்னிடமிருந்து உடைகளை வாங்கிய மாமா ஒவ்வொரு காலருக்குள்ளும் கட்டைவிரலை விட்டுத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இங்க இருந்த முடிச்சு எங்கம்மா?"

"பிசிறு மாமா. வெட்டிட்டேன்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு உடைகளை என் பக்கம் நீட்டினார். "இதுல எது சிவப்பு?"

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்தே அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மங்கல்தானாம். கல்யாணமான புதிதில் அத்தை கண்டுபிடித்துவிட்டாராம். வேலை போய்விடக் கூடாதே என்று சிவப்புக்கு இரண்டு, பச்சைக்கு ஒன்று என முடிச்சுப் போட்டுக் கொடுத்தாராம். பெற்ற மகனுக்கே, என் கணவருக்கே இது தெரியாது.

"நாளைக்கு நான் பச்சையை எடுத்து வெச்சிருந்தா?" என்று கேட்டார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா. நானே முடிச்சுப் போட்டுத் தர்றேன்."

"அந்தப் பழைய நூல் கிடைக்குமா?"

குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது. புது நூலில் போட்டுக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார்.

"சரியா இருக்கு. அவ முடிச்சு இன்னும் சின்னதா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஃபாதர் சிவப்பு உடுத்தித்தான் வந்தார். இதுவரை ஒரு நாளும் நிறம் தவறவில்லை. ஆனால் மாமா இப்போதெல்லாம் சீக்கிரம் கிளம்புவதில்லை. பூசை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் செருப்பைத் தேடுகிறார்.