ஒரு வாரம் தாங்கிய கொய்யா

கந்தர்வக்கோட்டைப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் சுகுணாவுக்கு, புருஷனை மஸ்கட்டிலிருந்து வரவழைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. கல்யாணமான மறுவருஷம் போன குணசேகரன் எப்போதாவது லீவில் வருவான். சொந்த வீட்டிலேயே, துண்டு எங்கே இருக்கிறது என்று விருந்தாளி மாதிரி கேட்பான்.

போன முறை வந்தபோது அவள் கேட்டேவிட்டாள். "தோப்பப் பாத்துக்கிட்டு இங்கிட்டே இருங்களேன்."

"ஒன் கொய்யாவையா? பறிச்ச மூணாம் நாளே கொழகொழன்னு போயிருது. யாவாரி தொடவே யோசிக்கிறான். இத நம்பி வேலைய விடச் சொல்ற. தாங்குற பழமாக் காட்டு, மறுநாளே பெட்டியக் கட்டுறேன்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பழத்தைச் சீக்கிரம் இளக வைக்கிற யூரியாவை நிறுத்தினாள். முதல் வருஷம் அவசரம். காய் பருக்கிற நேரம் பார்த்து ஆட்டுக்கார நல்லதம்பியின் ஆடுகளை ராத்திரி தோப்பில் அடைத்துக் கிடை போடச் சொன்னாள். புழுக்கையும் மூத்திரமும் பச்சையாக இறங்கியதில் பழம் பலூன் மாதிரி ஊதியது. ருசி வெறும் தண்ணீர். பறித்த மறுநாளே அழுகல்.

"நெறமாசக்காரிக்குப் போயி வயிறு முட்ட விருந்து வச்சியே! பூக்குறதுக்கு ரொம்ப முந்தியில்ல கிடை போடணும்" என்று சிரித்தான் நல்லதம்பி.

"அப்பவே சொல்றதுக்கு என்னண்ணே?"

"நீ எங்க கேட்ட? வாங்கன்ன, வந்தேன்."

அடுத்த வருஷம், காய்ப்பு முடிந்த கையோடு கிடை போட்டாள். பிறகு மரத்தைச் சுற்றி வட்டம் வெட்டி, நன்றாக மக்கிய எருவும் வேப்பம்புண்ணாக்கும் வைத்தாள். மாமியார் மூக்காயி முணுமுணுத்துக்கொண்டே கூடையில் எரு சுமந்தாள்.

இந்தக் கார்த்திகையில் பழம் சிறுத்துத்தான் இருந்தது. ஆனால் கையில் கனம். கடித்தால் நறுக்கென்று இனிப்பு. சமையல்கட்டில் வைத்துப் பார்த்த பழம் ஒரு வாரம் ஆகியும் தளரவில்லை. பக்கத்துத் தெரு நிலவழகன் லீவு முடிந்து மஸ்கட் கிளம்பியபோது, காம்போடு கத்தரித்த பழங்களைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

குணசேகரன் வீடியோவில் வந்தான். வாய் நிறையக் கொய்யா.

"சுகுணா, வந்து இத்தன நாளாச்சு, அப்படியே இருக்குடி! ரூம்ல எனக்கு ஒனக்குன்னு அடிச்சுக்கிறானுங்க. சாதிச்சுட்ட, போ!"

"அப்ப… பெட்டியக் கட்டுறீங்களா?"

அவனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"எந்தப் பெட்டி? ஓ… அதுவா. நீ ஒண்ணு. இப்பத்தான் அக்ரிமெண்ட்ட நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கொய்யாவ நெனச்சாத்தான் ஊருக்கு வரணும்னு மனசு அடிச்சுக்கும். இனி அதுவும் இல்ல, இங்கயே வந்துருதே! ஆள் வாரப்பல்லாம் குடுத்துவிடு."

சரி என்று தலையாட்டினாள். போனை வைத்துவிட்டு, குழாயடியில் போய் முகத்தைக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

உள்ளேயிருந்து மூக்காயி குரல் கொடுத்தாள். "என்னத்தா சொன்னான்? எப்ப வாரானாம்?"

"பழம் நல்லாருக்காம், அத்த."