ஐந்து துண்டாக நறுக்கிய சொல்

லண்டனில் நான் சொல்வது எதுவும் முதல் தடவையிலேயே யாருக்கும் புரிவதில்லை. நேற்றுக் குடியுரிமை அலுவலகத்தில், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வருஷத்தைச் சொல்லி, இடைவிடாமல் என்பதற்கு 'அன்இன்டரப்டட்' என்றும் சேர்த்தேன். மேசைக்கு அப்பால் இருந்த வெள்ளைக்காரம்மா காதைச் சாய்த்தார். இரண்டாம் முறையும் பயனில்லை. இந்த ஊர்க்காரர்கள் நீண்ட சொல்லில் ஒரு துண்டை மட்டும் அழுத்தி, மற்றவற்றை விழுங்கிவிடுகிறார்கள். நாமோ எல்லா எழுத்துக்கும் சமமாகப் பந்தி பரிமாறுகிறவர்கள். இத்தனைக்கும் இந்தச் சொல்லை எங்கே அழுத்துவது என்று ஒருவருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

அப்போது இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருந்தேன். இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்கள் போட்ட குடியுரிமை மனுக்களுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. இலங்கையில் இடைவிடாமல் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்காவை நுவரெலியாவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த இங்கிலீஷ் சொல்லை அவர் வாயாலேயே சொன்னால் ஆபீசர் மதிப்பார் என்று நினைத்தேன். என் மேதாவித்தனம் அது. அன்-இன்-ட-ரப்-டட் என்று நறுக்கிக் கொடுத்தேன். அவர் அதைக் கொழுந்து பறித்துக்கொண்டே கையால் படித்தார். மூன்று துண்டுக்கு மூன்று கொழுந்து. 'ரப்' வரும்போது தோளுக்குமேல் முதுகுக் கூடைக்குள் ஒரு வீச்சு. ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

விசாரணையிலும் பிசகாமல் சொன்னார். ஆபீசர் சிரித்தேவிட்டார். பிறகு, இந்தியாவுக்குப் போனதுண்டா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"போனேங்க. மகளுக்குக் கொலசாமி கோயில்ல மொட்டை போட. அங்க புள்ளைக்கு நோவு கண்டு, பதினாலு மாசம் தங்கிட்டோம்ங்க."

சாமிக்குச் செய்ததை யாராவது மறைப்பார்களா? பெருமையாகத்தான் சொன்னார். ஒரு வருஷத்துக்குமேல் வெளியே இருந்திருந்தால் சட்டப்படி எல்லாம் போயிற்று. மனு தள்ளுபடி. குரலை எங்கே ஏற்றுவது என்று சொல்லிக்கொடுத்த நான், ஊருக்குப் போனீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

பஸ்ஸுக்கு நின்றபோது பாக்கியம் கேட்டார்: "மாஸ்டர், அந்த வார்த்தைய தப்பா சொல்லிட்டேனுங்களா?"

"இல்லக்கா. சரியாத்தான் சொன்னீங்க." ராகலை வரும்வரை அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நானும் மனுப் போட்டிருந்தேன்; அது தேறியது. அந்தப் பாஸ்போர்ட்டில்தான் இங்கே வந்தேன்.

நேற்று அந்த வெள்ளைக்காரம்மா என் படிவத்தைப் புரட்டிவிட்டு, "வந்ததிலிருந்து ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லையா?" என்றார்.

"இல்லை."

அம்மா இறந்த தந்தி வந்தபோதும் போகவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"ரொம்ப நல்லது" என்று சொல்லி அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு, முதலில் என்னவோ சொன்னீர்களே, அது என்ன என்று கேட்டார்.

மூன்றாம் முறை மெதுவாகச் சொன்னேன். 'ரப்' வந்ததும் வலது கை தானாகத் தோளுக்குமேல் போயிற்று. இந்தத் தடவை அவருக்குப் புரிந்துவிட்டது. என் முதுகில்தான் கூடை இல்லை.