எழுதாத சீதனம்

எங்கள் தோட்டத்தை ஊரில் முதலியார் வளவு என்பார்கள். வெள்ளைக்காரன் என் பூட்டனுக்கு முதலியார் பட்டம் கொடுத்தான். அந்தத் தோரணையில் அவர் பளைப் பக்கம் காடு வெட்டி நூறு ஏக்கரில் தென்னை வைத்தார். வெட்டியது கூலிக்காரர்கள், பெயர் மட்டும் பூட்டனுக்கு.

அதில் பாதியையும் நடுவில் இருந்த நாற்சார் வீட்டையும் ஐயா தன் ஒரே மகளான எனக்குச் சீதனமாக எழுத இருந்தார். காணி உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு வந்து கதிரையில் உட்கார்ந்தும்விட்டார்.

"சீதனம் வாங்கிக் கலியாணம் கட்டுற ஆள் நானில்லை" என்றார் மாப்பிள்ளை.

ஊரே மெச்சியது. எனக்கு வாயெல்லாம் பல். நொத்தாரிசு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மெல்பனுக்கு வந்து மூன்றாம் வருடம், எழுபதுகளின் தொடக்கத்தில், ஐயாவின் கடிதம் வந்தது. புதுச் சட்டமாம். ஆளுக்கு ஐம்பது ஏக்கர்தான். மீதி அரசாங்கத்துக்கு. இனி யார் பெயருக்கு எழுதினாலும் செல்லாது. வீடிருந்த பாதி போயிற்று, அவருக்கு மிஞ்சியது உவர் பிடித்த கரை. 'அன்று உன் பேரில் எழுதியிருந்தால்' என்று ஐயா ஓரிடத்திலும் எழுதவில்லை. 'அம்மாவின் கட்டில் நான் குடிபோகிற உன் மாமி வீட்டு வாசலால் நுழையாது, என்ன செய்யட்டும்?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

கணவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நான் நல்லதெண்டுதானே செய்தனான்."

"ஓம்" என்றேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அன்று பெருமையில் பூரித்து நின்றவள் நான்தானே. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஐயா அந்தக் கட்டிலை வளவிலேயே விட்டுவிட்டார். மாமி வீட்டு விறாந்தையில், கடைசிவரை பாயில்தான் படுத்தாராம்.

சில வருடங்களில் மெல்பன் ஓரத்து ரோவிலில் ஒரு பழைய சீமானின் மாட்டுப் பண்ணையைத் துண்டு துண்டாக வீட்டுக்காணிகளாக்கி விற்றார்கள். கணவர் கால் ஏக்கர் வாங்கினார்.

"உம்மட பேரில மட்டும் எழுதச் சொல்லிப்போட்டன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கையெழுத்துப் போட்டேன். அன்று ஐயா காலமான முப்பத்தோராம் நாள்.