களத்துமேட்டில் சனி

டவுன் பஸ்ஸின் பின்படியில் அக்கா ஏறினார். தோளில் பழைய சேலை சுற்றிய நீளக் குழாய். மறுமுனையைப் பிடித்தபடி நான்.

"என்னம்மா, பீரங்கியா?" என்றார் கண்டக்டர்.

"தொலைநோக்கிங்க. சனியைப் பார்க்கலாம்."

"அதான் டிப்போவுல தினமும் பார்க்கறேனே!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அக்கா என்றுதான் சங்கத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மன்னார்குடியில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருந்த வானியல் சங்கத்துக்குச் செயலாளர். நான் கல்லூரியில் முதல் வருடம், சங்கத்துக்குப் புதிது. கூட்டம் நடந்ததோ ஒரு மிராசுதார் வீட்டு மொட்டைமாடியில். அவர் வயலில் அறுக்கிற கூலியாள் என் அப்பா. அந்தத் தை மாதம் கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி எங்கள் தெருவே அறுப்புக்குப் போகாமல் நின்றது. நெல் வயலிலேயே முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது.

"நாங்க வரப்புல நிக்கிறோம். நீ அவங்க மாடியில நிப்பியா? சங்கமெல்லாம் போதும்" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. விலகிக்கொள்கிறேன் என்று சொல்லப் போன என்னை அக்கா ஏற இறங்கப் பார்த்தார். "நீ மாடிக்கு வர வேணாம். இது உங்க ஊருக்கு வரட்டும்" என்று குழாயைத் தூக்கிவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் களத்துமேட்டில் அதை நிறுத்தினோம். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். பெரியவர்கள் சனி என்றதும் பின்வாங்கினார்கள். கறுப்புச் சட்டைக்காரரான அப்பாவும்தான்! "கூலி பேசப் போற நேரத்துல சனி முகத்துலயா முழிக்கணும்?" என்று முனகினார்.

அம்மா விடவில்லை. "சாமியே இல்லேன்னு மேடையில முழங்குறவருக்குச் சனின்னா மட்டும் நடுக்கமா?"

களமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல், "நேருக்கு நேர் பார்க்க வேணாங்க. கண்ணு வைக்கிற இடம் குழாய்க்குப் பக்கவாட்டுலதான் இருக்கு, பாருங்க" என்றார். அப்பா சுற்றி வந்து பார்த்தார், உண்மைதான். குனிந்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை.

"வளையம் ஒட்டாம நிக்குதே…" என்றார் கடைசியில். பிறகு அக்காவிடம், "அடுத்த கூட்டத்தையும் இங்கேயே வைங்க. களம் சும்மாதானே கிடக்கு."

என் சங்கம் எனக்குத் திரும்பக் கிடைத்தது அப்படித்தான்.

இன்று நான் இருக்கும் நகரத்தில் எங்கள் சங்கம் கூடும் மாடி யாருடையது என்று எனக்கே தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. அன்று அக்கா யாரையும் கேட்காமல்தான் அந்தக் குழாயை மிராசுதார் வீட்டிலிருந்து எடுத்து வந்தார், அதற்காகவே செயலாளர் பொறுப்பை இழந்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் களத்துக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான்.