தொழில்: ஒண்ணுமில்ல

பேனா முனையால் படகுகளைக் குத்திக் குத்தி எண்ணியபடி கடற்கரை வழியாக நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார் எவுதிக்யோ லுமானோக். "எங்கண்ணே கிளம்பிட்டீங்க?" என்று யாராவது கேட்டால், "நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்பார். கேட்டவர் கோபித்துக்கொள்வதில்லை. எண்ணிக்கை அறுந்தால் எவுதிக்யோ முதல் படகுக்குத் திரும்பிப் போவார். அன்றைக்கு அலுவலகம் பதினொரு மணிக்குத்தான் திறக்கும்.

எங்கள் ஊரான அம்போத்தானின் விவரக் குறிப்பை நகராட்சிக்காகப் பத்தொன்பது வருடமாக எழுதிவருபவர் அவர். மக்கள், படகு, வலை, பன்றி, ஞானஸ்நானம் எல்லாம் அதில் உண்டு. முதல் பக்கத்தில் பெயர்க் காரணம். ஸ்பெயின்காரர்கள் எங்களை ஆண்ட காலத்தில், வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவனிடம் ஸ்பானிய அதிகாரி, "இது என்ன ஊர்?" என்று தன் பாஷையில் கேட்டாராம். புரியாதவன் "அம்போத்" என்றான். "யாருக்குத் தெரியும்" என்று அர்த்தம். அதிகாரி அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். அன்றுமுதல் நாங்கள் யாருக்குத் தெரியும் ஊர்க்காரர்கள்.

எவுதிக்யோவுக்கு அந்த அதிகாரிமேல் அபார மரியாதை. "சொன்னத அப்படியே எழுதுனான் பாரு, அவன் ஆபீசர்!" இவரும் லேசுப்பட்டவரல்ல. வயதைக் கேட்டபோது ஒரு கிழவர், "கோயில் மணிக்கு ரெண்டு வருசம் மூத்தவன்" என்றார். வயதுக் கட்டத்தில் இன்றும் "மணி + 2" என்றே இருக்கிறது.

இந்த வருடம் அவருடைய ஒரு வரி ஊரை உலுக்கிவிட்டது. "கடல் வற்றும்போது தெரியும் சேற்றுத் திட்டு. பயன்படுத்தும் மீனவர்கள்: பூஜ்யம்." வெளியூர் முதலாளி ஒருவர் அங்கே வேலி போட்டு இறால் வளர்க்க அனுமதி கேட்டிருந்தார். பூஜ்யத்தைப் பார்த்த நகர மன்றம், வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவதாக இருந்தது. தினமும் அந்தத் திட்டில் குனிந்து நின்று சிப்பி பொறுக்கும் பெண்கள் எங்கே போனார்கள்? தொழில் என்னவென்று கேட்டால் எங்கள் பெண்கள், "ஒண்ணுமில்ல, சும்மா சிப்பி பொறுக்குறேன்" என்பார்கள். படகில் போனால்தான் மீனவர். நடந்து போனால் சும்மா. எவுதிக்யோ முதல் வார்த்தையை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். சொந்த வீட்டிலும் அதே கண்டிப்பு.

புதன்கிழமை மத்தியானம் தட்டில் வெறும் சோறு.

"சிப்பிச் சாறு எங்க?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அவர் மனைவி லுடிவினா.

"ஒண்ணுமில்லன்னா?"

"நீதானய்யா எழுதியிருக்க, உன் பொண்டாட்டி தொழில் ஒண்ணுமில்லன்னு. ஒண்ணுமில்லாததுல சாறு எப்படி வைக்கிறது?"

"நீ சொன்னதத்தான எழுதுனேன்!"

"தெரியாதுன்னு சொன்னத ஊர்ப்பேருன்னு எழுதிட்டுப் போனானே, அவன் பேரன்யா நீ. வேலி வரட்டும், உன் பூஜ்யத்தத் தொட்டுக்கிட்டுத் தின்னு."

உப்பைத் தூவி, புளித்த காடியை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் கடல் வற்றியதும், காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, சப்பாத்துகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, அரசாங்கமே சேற்றில் இறங்கியது.

"தொழில்?"

"ஒண்ணுமி..."

"நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி."

"அடியே, இந்த ஆளு எப்பலருந்துடி விடைய எடுத்துக் குடுக்குறாரு?" என்று திட்டே சிரித்தது. தண்ணீர் கணுக்காலுக்குத் திரும்பி வருவதற்குள் அறுபத்து மூன்று மீனவர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அறுபத்து நான்காவதாக லுடிவினா நின்றாள்.

"பேரு?"

"இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்திட்டு, பேரு தெரியாது?"

"பேரு?"

"லுடிவினா லுமானோக்."

"தொழில்?"

சுற்றிலும் முதுகுகள் நிமிர்ந்தன. "மீன்பிடி. எழுது."

எழுதினார். கையெழுத்துக்காகப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். அவள் இடுப்புக் கூடையை அவரிடம் தள்ளிவிட்டு, படிவத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதத் தொடங்கினாள். கோப்பு வாங்குகிற தோரணையில் ஒற்றைக் கையால் கூடையை வாங்கிய எவுதிக்யோவின் தோள் ஒரு பக்கமாகச் சரிந்தது. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு கையையும் கொடுத்தார்.